‘நமக்கெல்லாம் எங்கே வரப்போகுது?’: சேர்வராயன் மலை மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏற்காட்டிலும் சேர்வராயன் மலைச் சிற்றூர்களிலும், வீட்டிலிருந்தோ விடுதியில் தங்கியோ பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மாணவ மாணவியருக்கு,

திருத்திய விடைத்தாள் கைக்கு வந்ததும் முதலில் வாய் திறப்பது ஆசிரியர் அல்லர், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் அல்லர். மனத்துக்குள் இருக்கும் குரல் முந்திக்கொள்கிறது. ‘நமக்கெல்லாம் எங்கே வரப்போகுது’, ‘மண்டையில இருக்கறது களிமண்ணு’, ‘நீ கைய வச்சா எது விளங்கும்’. இதே சொற்களை வெளியாள் ஒருவர் சொல்லியிருந்தால் உங்களுக்குக் கோபம் வந்திருக்கும். வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லியிருப்பீர்கள், விடுதிக் காப்பாளரிடம் முறையிட்டிருப்பீர்கள். உள்ளிருந்து வந்தால் மட்டும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்கிறீர்கள். அது உங்கள் சொந்தக் குரல் என்றும், உங்களை முழுதாக அறிந்தது அது ஒன்றுதான் என்றும் நினைப்பதால் வரும் பணிவு இது. அந்த நினைப்பு தவறு.

தனக்குத்தானே பேசிக்கொள்வது நோயல்ல, எல்லாரும் செய்வதுதான். மூன்று நான்கு வயதுக் குழந்தை செப்புச்சாமான் வைத்துச் சமைக்கும்போது, ‘சுடும், தொடாத... இப்ப மூடி வைக்கணும்’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்கிறது. ‘தொடாத’ என்பது அம்மாவின் சொல். அதை வாங்கி, தன்னை நடத்திக்கொள்ளக் குழந்தை பயன்படுத்துகிறது. ஏழெட்டு வயதுக்குள் இந்தப் பேச்சு சன்னமாகி, உதடு மட்டும் அசைந்து, பிறகு அதுவும் நின்றுவிடுகிறது. பேச்சு அழிந்துவிடவில்லை, உள்ளே குடிபோய்விட்டது என்று விளக்கியவர் சோவியத் உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி. 1934-ல், 37 வயதில், காசநோயால் அவர் இறந்தார். சிந்தனையும் மொழியும் பற்றிய அவருடைய நூல் அதே ஆண்டில்தான் வெளிவந்தது.

அவர் சொன்னபடி பார்த்தால் உள்குரலிடம் இருக்கும் சொற்கள் பெரும்பாலும் இரவல். ‘சுடும், தொடாத’ போன வாசல் வழியாகவே ‘மக்கு’, ‘தண்டச்சோறு’, ‘உருப்படாதது’ எல்லாம் உள்ளே போகின்றன. உங்கள் குரலைக் கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். அது ‘எனக்கு’ என்று தொடங்குவதைவிட ‘உனக்கெல்லாம்’ என்று தொடங்குவது அதிகமாக இருக்கும். ‘உனக்கெல்லாம்’ என்று உங்களை யாரோ எப்போதோ அழைத்திருக்கிறார்கள். நான்காம் வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாட்டில் தடுமாறியபோதா, மாமா வீட்டுத் திருமணத்தில் நாலு பேர் நடுவில் மதிப்பெண் கேட்டபோதா? சொன்னவர் அன்று மாலையே மறந்திருப்பார். சொல் உங்களோடு தங்கிவிட்டது.

இந்த மலையில் அந்தச் சொற்களுக்கு இன்னொரு ஊற்றும் உண்டு. சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சை, ஜவ்வாது மலைகளில் வாழும் மலையாளி மக்கள்தான் தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஏறக்குறைய மூன்றரை லட்சம் பேர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இவர்களின் வழிவழிக் கதை, பேசுவது தமிழ். ஆனாலும் நாகலூரிலிருந்தோ வெள்ளக்கடையிலிருந்தோ சேலத்துக்குப் போய், ‘நாங்க மலையாளிங்க’ என்று சொன்னால், ‘கேரளாவா?’ என்ற கேள்வி வரும். அதற்கு விளக்கம் சொல்லி முடித்தால், ‘ஓ, மலைக்காரப் பசங்களா’ என்று வரும். கேட்டவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. இருந்தும், யார் என்பதை ஒவ்வொரு முறையும் விளக்கவேண்டிய பிள்ளைக்கு, தான் தப்பான இடத்தில் வந்து நிற்கிறோமோ என்ற சந்தேகம் மெல்லப் பழக்கமாகிவிடுகிறது.

பழக்கமான சந்தேகம் கையையும் கட்டிப்போடும். உத்தரப் பிரதேசக் கிராமங்களில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஆறு, ஏழாம் வகுப்புச் சிறுவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2000-களின் நடுவில் வெளியிட்டார்கள். தாளில் அச்சிட்ட புதிர்ப்பாதைகளுக்கு வழி கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் காசு. யார் என்ன சாதி என்று சொல்லாதபோது மேல்சாதி என்று எண்ணப்பட்ட பிள்ளைகளும் தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகளும் சமமாகவே செய்தார்கள். பெயரையும் சாதியையும் எல்லார் முன்னிலையிலும் வாசித்துவிட்டு அதே தாளைக் கொடுத்தபோது, தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் கண்டுபிடித்த எண்ணிக்கை தெளிவாகக் குறைந்தது. பிள்ளைகளின் திறமையில் ஒரு மாற்றமும் நிகழ்ந்திருக்க முடியாது. ஒரு வாசிப்புதான் நடுவில் நடந்தது.

‘நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்குப் படிப்பு ஏறாது’ என்ற பேச்சை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 2011-ல் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.1 விழுக்காடு; அதே மாநிலத்தின் பழங்குடியினரிடையே 54.3. இந்த இடைவெளிக்குக் காரணம் மூளை அல்ல. பள்ளி எவ்வளவு தொலைவு, பேருந்து எத்தனை மணிக்கு, கணித ஆசிரியர் பணியிடம் எத்தனை மாதம் காலி, வீட்டில் முதலில் படிக்க வந்தவர் யார் என்ற கேள்விகளில் அதற்குக் காரணம் இருக்கிறது. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார்; அதற்குப் பிறகு இங்குள்ள பல குடும்பங்களின் நாட்காட்டியைக் காப்பிதான் எழுதுகிறது. மார்கழியிலும் தையிலும் பழம் எடுக்கும் வேலை. அரையாண்டுத் தேர்வும் முதல் திருப்புதல் தேர்வும் அதே மாதங்களில். அம்மாவுக்குக் கைகொடுக்க எஸ்டேட்டுக்குப் போய் எட்டு நாள் வகுப்பைத் தவறவிட்ட பிள்ளை, ‘எனக்குக் கணக்கு வராது’ என்று சொல்லிக்கொண்டால் எஸ்டேட்டின் கணக்கும் பேருந்தின் கணக்கும் சேர்ந்து அதன் தலையில் எழுதப்படுகின்றன. தன்னிடம் இரக்கமாகப் பேசப் பழகுவதன் முதல் பயனே, எது தன் குறை, எது தன் குறை அல்ல என்று பிரித்துச் சொல்ல வருவதுதான். குறை வெளியில் இருந்தால் அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவும் அப்போதுதான் வாய் வரும்.

இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வெளியூரிலிருந்து வந்து இங்குள்ள ஆங்கில வழி உறைவிடப் பள்ளிகளில் தங்கியிருப்பவர்களுக்கு வசனம் வேறு: ‘இவ்வளவு பணம் கட்டியும் நீ இவ்வளவுதானா’. ஆள் மாறினாலும் குரலின் வேலைமுறை ஒன்றே.

அந்த வேலைமுறையை முதலில் நெருங்கிப் பார்த்தவர்களில் ஒருவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் (1921–2021). 1960-களில் பிலடெல்பியாவில் மனச்சோர்வு நோயாளிகளிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். நோயாளி வாய்விட்டு ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்க, உள்ளே இன்னொரு ஓடை அதே நேரத்தில் ஓடியது: ‘நான் சொல்வது டாக்டருக்குச் சலிப்பாக இருக்கிறது’ என்பதுபோல. இவற்றுக்குத் ‘தானியங்கி எண்ணங்கள்’ என்று அவர் பெயர் வைத்தார். அவை வேகமானவை, இரண்டு மூன்று சொல் நீளமே உள்ளவை, சரிதானா என்று யாரும் சோதிக்காதவை. ஒரு தடவை நடந்ததை ‘எப்பவும்’ என்று ஆக்குவது, மற்றவர் மனத்தில் உள்ளதைத் தெரிந்ததுபோல் பேசுவது, செய்த தவறுக்குப் பதில் ஆளுக்கே பெயர் சூட்டிவிடுவது என்று அவற்றுக்குச் சில வாடிக்கையான தந்திரங்கள் உண்டு.

ஒரு தாளை விரித்து வைத்துப் பார்ப்பது நல்லது. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் திருப்புதல் தேர்வுக் கணிதத் தாள். கற்பனைத் தாள்தான், ஆனால் இதைப் போன்றது உங்கள் வகுப்பிலும் ஒன்று இருக்கும். நூற்றுக்கு 31. தேர்ச்சிக்கு 35 வேண்டும். சிவப்பு மையில் அந்த எண்ணைப் பார்த்ததும் ‘உனக்குக் கணக்கே வராது’ என்று குரல் சொல்லிவிட்டது. தாளை மடித்துப் பைக்குள் திணித்தாயிற்று. இனி அது வெளியே வராது.

வெளியே எடுத்துப் பார்த்தால் தாள் வேறு ஒன்றைச் சொல்கிறது. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14-ல் 9 சரி. இரண்டு மதிப்பெண் பகுதியில் 20-க்கு 12. ஐந்து மதிப்பெண் பகுதியில் 50-க்கு 10. நான்கு கணக்குகள் பாதி வரை போய் அடிக்கப்பட்டிருக்கின்றன, மூன்றில் அடித்த வரி சரியான வரிதான். கடைசிப் பகுதியில் செய்முறை வடிவியலுக்கு எட்டு, வரைபடத்துக்கு எட்டு, மொத்தம் 16. இரண்டு பக்கமும் வெறுமை. ஏன்? வடிவியலுக்குக் காம்பஸ் வேண்டும், பெட்டியில் அது இல்லை; பக்கத்தில் கேட்கக் கூச்சம். வரைபடத்துக்கு வந்தபோது கடைசி மணி அடித்துவிட்டது. ஆக இந்தத் தாளில் இருப்பவை நேரம் போதாமை, சரியாகப் போட்டதை நம்பாமல் அடித்துவிடும் பழக்கம், ஒரு காம்பஸ். ‘கணக்கே வராது’ என்ற தீர்ப்புக்கு இதில் எங்கும் ஆதாரம் கிடையாது. இருபதுக்குப் பன்னிரண்டு எடுத்தவரைப் பற்றி அப்படிச் சொல்வது பச்சைப் பொய். அதே நேரம், தாள் 31-ஐ மறைக்கவும் இல்லை. ‘பரவாயில்லை, நல்லாத்தான் எழுதியிருக்கே’ என்பதும் இங்கே பொய்யே.

‘மக்கு’ என்பது ஒரு பெயர். அதை வைத்துக்கொண்டு நாளைக்குச் செய்ய ஒன்றுமில்லை. ‘வரைபடத்தை முதலில் எழுதிவிட வேண்டும்’ என்பதில் ஒரு வேலை இருக்கிறது. குரல் சொல்லும் எந்த வாக்கியத்தையும் இப்படிப் பிரித்துப் பார்க்க உங்களால் முடியும்: அதில் பெயர் இருக்கிறதா, வேலை இருக்கிறதா?

இங்கே ஒரு மறுப்பு எழும். பெரியவர்களிடமிருந்து வரும், உங்களிடமிருந்தும் வரும். ‘நம்மள நாமே திட்டிக்கலேன்னா சோம்பேறி ஆயிடுவோம்’. அடியாத மாடு படியாது என்று பழமொழியே இருக்கிறது. பழமொழி மாட்டைப் பற்றியது என்பது ஒருபுறமிருக்கட்டும். நல்ல உழவர் மாட்டைக்கூட அப்படி நடத்துவதில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜூலியானா பிரெய்ன்ஸ், செரீனா சென் இருவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களுக்குக் கடினமான சொல்வளத் தேர்வு ஒன்று வைத்துத் தடுமாற வைத்தார்கள். பிறகு ஒரு குழுவிடம், ‘இது எல்லாருக்கும் கஷ்டமான தேர்வு, உங்களையே நொந்துகொள்ள வேண்டாம்’ என்று சொன்னார்கள். இன்னொரு குழுவிடம், ‘பெர்க்லியில் இடம் பிடித்தவர் என்றால் நீங்கள் அறிவாளியாகத்தான் இருப்பீர்கள்’ என்று புகழ்ந்தார்கள். மூன்றாவது குழுவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் உட்கார்ந்து படித்தவர்கள் முதல் குழுவினர். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான்: திட்டு வாங்கிய தாளை யாரும் மறுபடி விரிப்பதில்லை. விரிக்காத தாளிலிருந்து படிக்கவும் முடியாது.

புகழ்ச்சியும் அவ்வளவாக உதவாது என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். வகுப்பறைச் சுவர்களில் ‘என்னால் முடியும்’, ‘நான் வெற்றியாளன்’ என்று எழுதி வைக்கிறார்கள். காலையில் எழுந்ததும் பத்து முறை சொல்லச் சொல்கிறார்கள். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட் குழுவினர் இதைச் சோதித்து 2009-ல் எழுதினார்கள். மணி அடிக்கும்போதெல்லாம் ‘நான் அன்புக்குரியவர்’ என்று சொல்லிக்கொள்ள வைத்தபோது, தன்மதிப்பு ஏற்கெனவே குறைந்திருந்தவர்களின் மனநிலை, அப்படிச் சொல்லாத அதே நிலையினரின் மனநிலையைவிட மோசமாக இருந்தது. உள்ளே நம்பாத ஒன்றை வாய் சொல்லும்போது, உள்ளே இருப்பது எழுந்து எதிர்வாதம் செய்கிறது. 31 எடுத்த அன்று ‘நான் வெற்றியாளன்’ என்று சொல்லிப் பாருங்கள். உடனே பதில் வரும்.

சாதித்தவரைக் காட்டுவதிலும் இதே சிக்கல் உண்டு. பக்கத்துக் கல்வராயன் மலையின் அரசுப் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் 2025-ல் நுழைவுத் தேர்வில் தேறிச் சென்னை ஐ.ஐ.டி.க்குப் போனார். இம்மலைகளின் பிள்ளைகளைப் பற்றிய பழைய பேச்சுக்கு அது நல்ல பதில். ஆனால் அதே செய்தியை எடுத்து, ‘அந்தப் பொண்ணால முடியுது, உனக்கு என்ன கேடு’ என்று நீட்டினால் அது இன்னொரு பிரம்பு. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழ்நாடு அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. ஃபிளெக்ஸ் பேனர்கள் நின்றபாடில்லை. உங்கள் தலைக்குள் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தால் அதையாவது இறக்கிவிடலாம்.

குரலை அடக்கிவிட முயல்வதும் பலிக்காது. வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்று மாணவர்களிடம் சொல்லி, நினைவு வரும்போதெல்லாம் மணியை அடிக்கச் சொன்னார் உளவியலாளர் டேனியல் வெக்னர். 1987-ல் வெளிவந்த அந்த ஆய்வில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. விடுதியில் விளக்கணைத்த பிறகு, மலைக் குளிரில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ‘அதை நினைக்கக் கூடாது’ என்று படுத்திருக்கும் இரவுகளில் உங்களுக்கு நடப்பதும் அதுதான்.

திட்டவும் வேண்டாம், புகழவும் வேண்டாம், அடக்கவும் வேண்டாம் என்றால் மிஞ்சுவது பதில் பேசுவது. இதற்குத் தமிழில் பழைய வழி ஒன்று இருக்கிறது. உங்கள் பாடநூலிலேயே அது வந்துபோயிருக்கும், தேர்வுக்காகப் படித்ததால் உங்களுக்கானது என்று தோன்றியிருக்காது. சங்க அகப்பாடல்களில் பொருள் தேடப் புறப்பட்ட தலைவன் பாதி வழியில் நின்று தன் நெஞ்சோடு வழக்காடுகிறான். திருக்குறளில் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று ஓர் அதிகாரமும் ‘நெஞ்சொடு புலத்தல்’ என்று இன்னோர் அதிகாரமும் இருக்கின்றன. 14-ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாச்சாரியார் நெஞ்சையே தூது அனுப்பி ‘நெஞ்சுவிடு தூது’ பாடினார். இவற்றில் நெஞ்சு எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆள். அதை ‘நீ’ என்று கூப்பிடுகிறார்கள். கேள்வி கேட்கிறார்கள், கோபிக்கிறார்கள், சமாதானம் செய்கிறார்கள், கூட வா என்று அழைக்கிறார்கள். அதனிடம் தீர்ப்பு மட்டும் வாங்குவதில்லை. நெஞ்சு சொன்னதற்கு மறுமொழி உண்டு என்பது அந்த மரபுக்குத் தெரிந்திருந்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2014-ல் இதற்கு நெருக்கமான ஒன்றை அளந்து பார்த்தார்கள். அவையில் பேச வேண்டிய பதற்றத்தில் இருந்தவர்களில், ‘நான் ஏன் பயப்படுகிறேன்’ என்று யோசித்தவர்களைவிட, தம் பெயரைச் சொல்லி ‘நீ ஏன் பயப்படுகிறாய்’ என்று தம்மிடமே கேட்டுக்கொண்டவர்கள் குறைவாகப் பதறினார்கள், நன்றாகவும் பேசினார்கள். சற்றுத் தள்ளி நின்றால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சிக்கல்போல அது தெரிகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அறிவுரை சொல்ல யாருக்கும் சொல் பஞ்சம் வருவதில்லை.

எனவே குரல் ‘உனக்கெல்லாம்’ என்று தொடங்கும்போது, அதே ‘நீ’யை நீங்களும் கையில் எடுங்கள். பள்ளிப் பதிவேட்டுப் பெயர் வேண்டாம்; பாட்டி கூப்பிடும் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன சொல்வது என்று தெரியாவிட்டால், ஆறாம் வகுப்புப் படிக்கும் உங்கள் தங்கை அந்த 31-ஐக் கொண்டுவந்து நீட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் ‘மண்டையில களிமண்ணு’ என்பீர்களா? ‘சரி, அழாத. முப்பத்தொண்ணுதான், கொஞ்சம் குறைச்சல்தான். கடைசிப் பக்கம் ஏன் வெறுமையா இருக்கு? காம்பஸ் இல்லையா? என்னோடத எடுத்துக்கோ. முதல்ல ஒரு வட்டம் போடு பார்ப்போம்’ என்பீர்கள். இந்தப் பேச்சில் அழுகைக்கு இடம் இருக்கிறது, மதிப்பெண்ணைப் பற்றிய பொய் இல்லை, அடுத்து என்ன செய்வது என்பதும் இருக்கிறது. இரக்கமான உள்குரல் என்று உளவியல் நூல்கள் நீட்டி எழுதுவதன் சாரம் இவ்வளவுதான். நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றுமில்லை. வீட்டில் சின்னவர்களிடம் ஏற்கெனவே இப்படித்தான் பேசுகிறீர்கள். ஆள் மாறினால் போதும்.

ஒரே நாளில் இது படியாது. பத்து ஆண்டாகக் கேட்ட சொல் முதலில் வந்தே தீரும். இரண்டாவதாக வருவது எது என்பதே உங்கள் கையில் இருக்கிறது. தலைக்குள் பேசிச் சமாளிக்க முடியாதவர்கள் எழுதிப் பார்க்கலாம். நோட்டின் கடைசித் தாளில், குரல் சொன்னதை ஒரு வரி, சொன்ன சொல்லை முதலில் எங்கே கேட்டது என்று ஒரு வரி, தங்கைக்குச் சொல்லும் பதில் ஒரு வரி. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் பயத்தை எழுதியவர்கள் நன்றாகச் செய்தார்கள் என்று 2011-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. பின்னால் அதே சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே மதிப்பெண் ஏறும் என்று இதற்கு உறுதி சொல்ல முடியாது. தாளில் இறங்கிய வாக்கியத்தைத் தலைக்குள் சுழல்வதைவிட எளிதாகச் சோதிக்கலாம் என்பது மட்டும் உறுதி. செலவு ஒரு தாள்.

இந்த முறைகள் எட்டாத இடமும் உண்டு, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், பிடித்த விளையாட்டும் பிடிக்காமல், ‘நான் இருந்து என்ன பயன்’ என்று குரல் பேசத் தொடங்கியிருந்தால், அது பழக்கத்தின் எல்லையைத் தாண்டி நோயின் பக்கம் போய்விட்டது. மஞ்சள் காமாலைக்கு மருத்துவரிடம் போவதைப் போல இதற்கும் போக வேண்டும். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே ஒருவரிடம் சொல்ல வேண்டும். 14416 என்ற எண்ணுக்குப் பகலோ இரவோ எப்போது அழைத்தாலும் கட்டணமில்லை, தமிழில் பேசலாம்; 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவைக்குத் தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்று பெயர். மாநில அரசின் 104-ம் இருக்கிறது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பொதுத் தேர்வில் ஒரு பாடம் போனாலும் அடுத்த சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுதலாம், ஆண்டு வீணாவதில்லை. அந்தக் குரல் இதை ஒருபோதும் உங்களுக்கு நினைவூட்டாது.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. இரண்டே இரண்டு.

உள்ளே கேட்கும் வாக்கியங்களில் மிகவும் கசப்பான ஒன்றை, உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அத்தையோ, ஆசிரியையோ, பக்கத்துக் கட்டிலில் படுப்பவரோ யாராக இருந்தாலும் சரி. ‘எனக்கும் அப்படித்தான் கேக்கும்’ என்று அவர் சொல்வதற்கு நிறைய வாய்ப்பு இருக்கிறது.

இரண்டாவது, இதைவிட முக்கியமானது. உங்கள் விடுதியில், உங்கள் தெருவில், உங்களுக்குக் கீழே ஆறாம் ஏழாம் வகுப்பில் பிள்ளைகள் இருக்கிறார்கள். உள்ளே குடிபோகும் சொற்களை அவர்கள் இன்னும் வெளியிலிருந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய வகுப்பு அண்ணனும் அக்காவும் சொல்வது ஆசிரியர் சொல்வதைவிட ஆழமாகப் போகிறது. பட்டப்பெயர் வைக்காதீர்கள். கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்த்து எல்லாரும் சிரிக்கும்போது அங்கே நீங்கள் இருந்தால், சிரிப்பில் சேராமல் நோட்டை வாங்கி, எந்த வரியில் தப்பியது என்று அந்தப் பிள்ளைக்குக் காட்டிக் கொடுங்கள்.